எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம்?



ஊருக்குப் போய்க் கப்பலேறித் திரும்பும் நம்மவர் மூட்டையில் துணிமணி வருகிறது, மளிகை வருகிறது. இனி மூன்று புத்தகங்களும் வரட்டும்.

பெரியவர்களுக்கு மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’. 2022ஆம் ஆண்டு சாகித்திய அகாடமி பரிசு பெற்ற நாவல். தலைப்பைக் கண்டதும் நம் செல்லுலார் சிறை என்று எண்ணுவோம். அதுவல்ல! 1801 கிளர்ச்சியை ஒடுக்கிய கும்பினியார், மறு ஆண்டே சிவகங்கையின் பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. அந்தமான் கைதிகளின் தீவாக நிலைபெற்றது 1858இல்தான்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024இல் அதே பரிசு பெற்றது. வ.உ.சி. கைதானதும் வீதிக்கு வந்த சாதாரண மக்களையும், துப்பாக்கிச் சூட்டில் மாண்ட நால்வரையும் ஆதாரத்தோடு பேசுகிறது.

இலங்கையிலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களுக்கும், கூலிக்கு உழைக்கும் எல்லோருக்கும் ‘எரியும் பனிக்காடு’. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். 2007இல் வந்தது, ஆனாலும் படிக்காதவருக்குப் புதிதே. கங்காணி நீட்டிய முன்பணம் ஆனைமலைத் தேயிலைக் காட்டில் தீராக் கடனானதைச் சொல்கிறது.

எழுத்தறியாத தாய்க்குப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். “வந்தவர்கள்தானே” என்று நம்மைத் தள்ளிப் பேசுவோர் உண்டு. ஏன் வந்தோம், யார் அனுப்பினார்கள், எதைக் கொடுத்து உழைத்தோம் என்று நம் வீட்டுப் பிள்ளை பதில் சொல்ல வேண்டாமா? வாங்குவோம், வாசிப்போம், அடுத்த வீட்டுக்கும் கொடுப்போம்!