போட்டியிடாதிருக்க ஒரு கட்டணம்



போட்டியே வியாபாரத்தின் உயிர் என்று பெருமுதலாளிகள் நமக்கு இடையறாது போதித்து வருகின்றனர். அப்போதனையை அவர்களே எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கின்றனர் என்பதை இரு வழக்குகளைக் கொண்டு ஆராய்வோம்.

1998ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசொப்ட் கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. தனது விண்டோசுடன் இணைய உலாவியையும் பிணைத்துக் கொடுத்து, நெற்ஸ்கேப் என்னும் சிறு போட்டியாளனை நசுக்க முனைந்தது என்பது குற்றச்சாட்டு. கம்பனியை இரண்டாகப் பிளக்குமாறு 2000இல் பிறந்த கட்டளையை மேன்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டே நீக்கிற்று. ஆயினும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவு நிலைத்தது.

அதே 1998இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவர் இருவர் கூகிளைத் தொடங்கினர். பெரியவன் கூண்டில் நின்றமையாலேயே சிறியவனுக்கு நடக்க வழி கிடைத்தது என்பர் பலர். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.

அந்தச் சிறியவன் வளர்ந்தான். 2020 ஒக்டோபரில் அதே அரசாங்கம், 1890ஆம் ஆண்டின் அதே ஷேர்மன் சட்டத்தின்கீழ், கூகிளையும் கூண்டில் ஏற்றிற்று. 2023இல் அவ்வழக்கில் சாட்சியம் அளித்து, கூகிளின் ஒப்பந்தங்கள் பிறருக்கு வழி விடவில்லை என முறையிட்டவர் யார்? மைக்ரோசொப்டின் தலைவர் சத்யா நாதெல்லா! நேற்றைய குற்றவாளிக்கு இன்று போட்டியின் அருமை புரிந்துவிட்டது.

அவ்வொப்பந்தங்களின் தன்மையைச் சற்று நோக்குவோம். அப்பிள் கருவிகளின் உலாவியில் நாம் எதைத் தேடினாலும், அத்தேடல் முதலிற் கூகிளிடமே செல்லும். இந்த இடத்துக்காக 2022இல் மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டொலரைக் கூகிள் அப்பிளுக்குக் கொடுத்தது. அப்பிளோ தானே ஒரு தேடுபொறியை அமைக்கும் ஆற்றலும் செல்வமும் படைத்த கம்பனி. சும்மா இருந்தே இவ்வளவு வருமானம் கிடைக்கும்போது, அது எதற்காகப் போட்டியில் இறங்கவேண்டும்?

எமது சரக்கே சிறந்தது, வேண்டாதவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது கூகிளின் வாதம். அதன் தரத்தை நீதிபதி அமித் மேத்தாவும் மறுக்கவில்லை, நாமும் மறுக்கவில்லை. சிறந்த சரக்கைச் செய்து பெரியவனாவது குற்றமன்று. ஆனால், தன் சரக்கின் தரத்தில் நம்பிக்கை உள்ளவன் வாசலிலே நிற்பதற்கு இத்தனை கோடி ஏன் கொட்டுகிறான்? பெரும்பாலோர் எதையும் மாற்றமாட்டார் என்பதை அவன் நன்கறிவான். அவன் விலைகொடுத்து வாங்கியது நமது சோம்பலை!

2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி, கூகிள் ஏகபோகக்காரனே என்றும், சட்டத்தை மீறியே அந்நிலையைக் காத்தது என்றும் தீர்ப்பாயிற்று. 2025 செப்டெம்பரிற் பரிகாரம் வந்தது. பிறரை விலக்கும் ஒப்பந்தங்கள் கூடா. தேடல் தரவுகளிற் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளருக்கு வழங்கவேண்டும். குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை. அப்பிளுக்குப் பணம் கொடுப்பதற்கோ தடை இல்லை; அதை நிறுத்தினால் பெறுவோர் பாதிக்கப்படுவர் என்பது நீதிபதி கூறிய காரணங்களுள் ஒன்று. பெறுவோரின் நட்டம் இவ்வாறு கணக்கில் ஏறிற்று. அப்பணம் கைமாறியதனாற் பிறவாமலே போன தேடுபொறிகளின் நட்டத்தைச் சொல்ல எந்தச் சாட்சியும் கூண்டில் ஏறவில்லை.