நாம் எந்த மண்ணுக்கு உரியவர்?

(தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலால் நீண்ட பேச்சால் உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

அண்மையில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றிருந்தோம். ஆசிரியராய் இருந்த பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. “உங்கள் தந்தையார் பெயர், பாட்டனார் பெயர், அவருடைய தந்தையார் பெயர் மூன்றையும் எழுதுங்கள்” என்று பிள்ளைகளிடம் சொன்னோம். முதல் பெயரை அனைவரும் எழுதினர். இரண்டாவது பெயரைப் பாதிப் பேர் எழுதினர். மூன்றாவது பெயரை ஒருவரும் எழுதவில்லை. அப்போது பின் வரிசையிலிருந்த ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா, வந்தவர்களா?” என்று கேட்டான். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே, சில வாரங்களுக்குப் பின் சிங்கப்பூர் சென்றோம். நாம் அன்றாடம் சீவும் பால் மரம் இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்த வாயில் அது. நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகமும் அதுவே. மேலும், மண்ணின் மக்கள் யார் என்பதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துள்ள நாடு அது. ஆகவே நமக்கு வேண்டிய பாடம் அங்கே கிடைக்கும் என்று நம்பினோம்.

முதலில் சென்ற இடம் தேக்கா. ‘லிட்டில் இந்தியா’ என்று பலகையில் எழுதியிருந்தாலும், தமிழர் வாயில் அது தேக்காதான். மல்லிகைச் சரமும் வெற்றிலையும் மணக்கும் அந்த இடத்தின் பெயர் தமிழா என்றால், அன்று. ‘மூங்கிலடி’ என்னும் பொருளுடைய ஹோக்கியன் சீனச் சொல் அது. மலாய்க்காரர்கள் அவ்விடத்தைக் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில் என்று அழைத்தனர். இந்தியர்கள் அங்கே மாடு வளர்த்துப் பால் கறந்தனர். சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்தனர். அதனால் அப்பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்னும் தமிழ்ப் பெயரும் இருந்தது. ஒரே இடத்துக்கு மூன்று இனத்தார் மூன்று பெயர் வைத்தனர். வாழ்ந்தவர்கள்தாமே ஓர் இடத்துக்குப் பெயர் வைப்பார்கள்?

அங்குள்ள கேம்பல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. உங்களுள் எவரேனும் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தால், பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். மலாக்கா செட்டிகளைப் பற்றி அந்நிலையம் 2018இல் ஒரு தனிக் கண்காட்சியே நடத்தியது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வணங்குவது நம் தெய்வங்களை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வேர்விட்ட அவர்களை ‘வந்தவர்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆயினும், நமக்கும் அவர்களுக்கும் முன்பே அங்கு வாழ்ந்தவர்களை நாம் மறந்துவிடலாகாது. 1819ஆம் ஆண்டு ராபிள்ஸ் வந்து இறங்கியபோது சிங்கப்பூரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தனர் எனக் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஓராங் லாவுட் எனப்படும் கடல் மக்கள். படகே அவர்களுக்கு வீடு. ஆறும் கடலுமே அவர்களுக்கு நிலம். காலாங் ஆற்றில் வாழ்ந்தவர்கள் ஓராங் காலாங். வடக்கே ஜொகூர் நீரிணையில் வாழ்ந்தவர்கள் ஓராங் செலேத்தார்.

அவர்கள் என்ன ஆனார்கள்? வெள்ளையர் வந்த சில ஆண்டுகளுக்குள் காலாங் மக்கள் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம் மாற்றப்பட்டனர். அங்கே அம்மை நோய் அவர்களுள் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்று. செலேத்தார் மக்களோ இன்று ஜொகூர் பாரு அருகே கரையோரக் கிராமங்களில் வாழ்கின்றனர். மலேசியாவின் 18 ஓராங் அஸ்லிப் பிரிவுகளுள் ஒன்றாக அறியப்படுகின்றனர். சிங்கப்பூரில் செலேத்தார் என்ற பெயரில் ஒரு விமான நிலையம் உண்டு. பெயர் அக்கரையிலும், பெயருக்கு உரியவர்கள் இக்கரையிலும் இருக்கின்றனர். மூத்த குடிகளின் இந்தத் துயரை எண்ணும்போது, ‘நாங்களும் துன்பப்பட்டு வந்தவர்கள்’ என்று கூறும் நாம் சற்றுத் தலைதாழ்த்தி நிற்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, மலாய்க்காரர்கள் அந்நாட்டின் பூர்வகுடி மக்கள் என்று கூறி, அவர்களது தனிநிலையை அரசாங்கம் ஏற்றுப் பேணவேண்டும் என்கிறது. அதே சாசனத்தின் 153ஏ பிரிவு மலாயைத் தேசிய மொழியாக வைத்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மூத்தவரை மூத்தவர் என்று ஒப்புக்கொண்டதனால் இளையவரின் இடம் பறிபோகவில்லை. ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தால் தம்பி வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று பொருளா?

இனி நம்மவர் வந்த கதைக்கு வருவோம். 1819இல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்தார். அவர் முன்னின்று 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பிய கோயிலே இன்றைய மாரியம்மன் கோயில். 1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1873 வரை அவர்கள் சாலை போட்டனர், சதுப்பை மேடாக்கினர். செயின்ட் ஆன்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் அவர்கள். இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்கள் கைவேலையே. கால் விலங்கோடு வந்தவனின் வியர்வையும் ஒரு நாட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. அதன் பின் கங்காணிகள் மூலம் வந்தவர்களைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அது உங்கள் லயத்தின் கதை.

நம்மைப் போலவே வந்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் நீங்கள் நாள்தோறும் தொடும் பால் மரம்! அமேசான் காட்டில் பிறந்த மரம் அது. 1876இல் அதன் விதைகள் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குச் சென்றன. அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகு அந்த மரம் இந்நாட்டுக்கே சோறு போட்டது. அதை அந்நிய மரம் என்று இன்று யாரேனும் சொல்கிறார்களா?

ஆனால் ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். மரத்திடம் எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை, மனிதனிடம் கேட்பார்கள். ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருவரைக் கண்டோம். அதே லயத்தில் பிறந்து, அதே நிரைகளில் ஐம்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவர் பிறப்பை அந்நாளில் யாரும் பதியவில்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. “பொறந்தது இங்க, பொதைக்கப் போறதும் இங்க, நடுவுல மட்டும் நான் வெளியாளாம், ஐயா” என்றார். நமக்குத் தொண்டை அடைத்தது.

சிங்கப்பூரில் தமிழ் முரசை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார். அங்கு 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்று ஓயாது பாடுபட்டார். மண் மீது கொண்ட அன்பு மனத்தில் இருந்தால் போதாது, அது ஏட்டிலும் ஏறவேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அவருடைய பெற்றோர் பெயர், ஊர், வந்த கப்பல், இறங்கிய துறை ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நினைவு மங்கிய பின் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது, பிள்ளை பிறந்தால் காலந்தாழ்த்தாது பதியுங்கள். பன்னிரண்டு வயதானதும் அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள். பத்திரங்களில் பிழை இருந்தால் நாளை என்று தள்ளாமல் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது, அண்டையில் வாழும் மலாய்க்காரர், சீனர், ஓராங் அஸ்லி ஆகியோரின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.

அந்தச் சிறுவனின் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை இருக்கிறது. “தம்பி, உன் பாட்டனாரின் தந்தை வந்தவர், நீ பிறந்தவன். உனக்கு முன் இங்கு வாழ்ந்தோரை மதி; உனக்காக உழைத்தோரின் பெயரை எழுது. எழுதி முடித்ததும் அந்த ஏட்டை உன் பிள்ளைக்குக் கொடு.” அடுத்த முறை அப்பள்ளிக்குச் செல்லும்போது, மூன்றாவது பெயரும் எழுதப்பட்டிருக்கக் காண விரும்புகிறோம்.