பெட்டியில் வந்த நூதனசாலை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பல ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிப் பகுதிப் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. பஸ் கட்டணம் கொடுத்தவர்களின் பெயர்களை நான்தான் எழுதினேன். ஏழு பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதியவனும் நான்தான்.

திரும்பி வந்த மறுநாள், அந்த ஏழு பேரில் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"சேர், கண்டி ராசாவின்ர சிம்மாசனம் எப்பிடி இருந்தது?"

கரும்பலகையில் வெண்கட்டியால் வரைந்து காட்டினேன். சற்று நேரம் பார்த்து நின்றவள், "பொன் நிறமோ சேர்?" என்றாள். "ஓம்" என்றேன். வெண்கட்டியில் பொன் நிறத்துக்கு எங்கே போவது?

நூதனசாலைக்குப் பிள்ளை போக முடியாவிட்டால், நூதனசாலை பிள்ளையிடம் வரக்கூடாதா? இந்தக் கேள்வி நெடுநாள் என்னை அரித்தது. பின்னொரு காலத்தில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1893 ஆம் ஆண்டு பெரியதோர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு சேர்ந்த அரும்பொருட்களைக் காப்பதற்காக அவ்வாண்டிலேயே ஒரு நூதனசாலை தோன்றியது. மார்ஷல் பீல்ட் என்ற பெருவணிகர் அதற்குப் பத்து இலட்சம் டொலர் வழங்கினார். 1906 இல் அவர் இறந்தபோது, மரணசாசனத்தின்படி மேலும் 80 இலட்சம் டொலர் கிடைத்தது. இன்று ஏரிக்கரையில் நிற்கும் பெருமாளிகை 1921 இல் திறக்கப்பட்டது. பீல்ட் இயற்கை வரலாற்று நூதனசாலை என்று அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது. பூமியின் வரலாறும், உயிர்களின் வரலாறும், மனித குலங்களின் வரலாறும் அங்கு ஒரே கூரையின் கீழ் உள்ளன.

என் நெஞ்சைத் தொட்டவர் இன்னொருவர். அவர் நோர்மன் வெயிற் ஹரிஸ் என்ற வங்கியாளர். அந்த மாளிகை எழுவதற்கு முன்னரே, 1911 இல், அவர் 250,000 டொலர் கொடுத்தார். நகரத்துப் பாடசாலைகளுக்கு நூதனசாலையைக் கொண்டு செல்லவேண்டும் என்பதே அவர் கொடையின் நோக்கம்.

எப்படிக் கொண்டு சென்றார்கள்? கண்ணாடி முகப்பு வைத்த சிறிய மரப் பெட்டிகளைச் செய்தார்கள். ஒன்றில் ஒரு பறவை, அது வாழும் சூழலோடு. இன்னொன்றில் பூச்சிகள். வேறொன்றில் கனிப்பொருட்கள். ஒவ்வொன்றிலும் எளிய விளக்கக் குறிப்பு. நூதனசாலை வாகனம் பாடசாலை பாடசாலையாகச் சென்று பெட்டிகளை இறக்கும். சில நாட்கள் அங்கே இருந்தபின் அவை அடுத்த பாடசாலைக்குப் போகும். புதிய பெட்டிகள் வந்து சேரும்.

1925 இல் அன்னா லூயிஸ் றேமன்ட் என்ற அம்மையாரின் கொடையால் இன்னொரு பிரிவு உருவாயிற்று. பாடசாலைகளுக்கு விரிவுரையாளர்களை அனுப்புவதும், பிள்ளைகளை நூதனசாலைக்கு வரவழைத்து விளக்குவதும் அதன் பணி.

இவை நிலைநிதிகள் என்பதைக் கவனியுங்கள். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் செலவிடுவார்கள். மண்டபத்தை ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் வாகனத்துக்கு எண்ணெய் வேண்டும். சாரதிக்குச் சம்பளம் வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றவேண்டும். பிள்ளைகளோ ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள். ஹரிஸ் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் பெயரில் பெட்டிகளை இரவல் கொடுக்கும் பணி இன்றும் நடைபெறுகிறது. பிள்ளைகள் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்கும் பொருட்களும் இப்போது அவற்றில் உண்டு.

நேயர்களே, நம்மவரிடமும் கொடைக்குக் குறைவில்லை. மண்டபம் கட்டுகிறோம், வாயிலில் பெயர் பொறிக்கிறோம். அது நல்ல காரியமே. ஆயினும் பஸ் கட்டணத்துக்கும், பெட்டி சுமக்கும் வாகனத்துக்கும் கொடுப்பவரின் பெயரைப் பொறிக்கக் கல் கிடைக்காது. ஆதலால்தானோ அங்கே கை சற்றுத் தயங்குகிறது?

அன்று அந்த ஏழு பெயர்களை எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அதை யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி உங்கள் ஊர்ப் பாடசாலையிலிருந்து ஒரு பஸ் புறப்படும்போது, ஏறாத பிள்ளைகளின் பட்டியலைத் தயவுசெய்து வாங்கிப் பாருங்கள்.