சாவியைக் கொடுக்கும் முன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீலாக இருப்பவன் நான். "எல்லாருக்கும் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க அண்ணாச்சி" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் ஒரு மாடி போர்ஷனையாவது வாடகைக்கு விட்டிருப்பீர்கள். பின்வரிசையில் இருக்கும் தம்பிமார்கள் நாளைக்கு வேலை கிடைத்துப் போகிற ஊரில் குடித்தனக்காரர்கள். ஆகவே வீட்டு வாடகையைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

நம்ம பக்கத்தில் பத்து வீடு, இருபது வீடு வைத்து வாடகை வாங்குகிறவர்கள் குறைவு. ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பி.எஃப். பணத்தில் மாடியில் ஒரு வீடு கட்டுகிறார். அந்த வாடகைதான் அவருக்குப் பென்ஷன். அதில் ஒரு தகராறு வந்துவிட்டால் மனுஷன் ஆடிப்போகிறார். ஜில்லாவுக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வருகிற அந்த மாதிரிப் பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் பலரிடம் நியாயம் இருக்கிறது, காகிதம்தான் இல்லை.

முதலில் சட்டம் மாறிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் அப்பா காலத்தில் இருந்தது 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது போய், 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 22.2.2019 முதல் அமலில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயம் என்று ஒன்று உண்டு. புதிய சட்டத்தில் அது கிடையாது; இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதியதுதான் வாடகை. எழுதாத உயர்வை நடுவில் திடீரென்று கேட்க முடியாது.

"நாங்கதான் பதினோரு மாசத்துக்கு ஸ்டாம்பு பேப்பர்ல எழுதி வச்சிருக்கோமே" என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்க வந்த பழக்கம்தான் இந்தப் பதினோரு மாதம். புதிய சட்டத்தின்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிந்து ஒரு பதிவு எண்ணும் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அதற்குப் பொறுப்பு. பதியாத தாளை வைத்துக்கொண்டு நாளைக்கு வழக்கில் நிற்பது கஷ்டம்.

அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் பொது அளவு மூன்று மாத வாடகை. காலி செய்து சாவி வாங்கிய ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். சுவர் விரிசல், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் செலவு. சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் செலவு. முதலிலேயே எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாடகை வரவில்லை என்ற கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, வெளியே போன நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடுவது, இந்த வேலையே வேண்டாம். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். ஃபியூஸைப் பிடுங்கிய அன்றைக்கே, நியாயம் உங்கள் பக்கத்தில் இருந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

இனி ஒத்திக்கு வருகிறேன். என்னிடம் வரும் கேஸ்களில் மனதை மிகவும் சங்கடப்படுத்துவது இதுதான். மொத்தமாக மூன்று லட்சம், ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது. வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பணத்தைக் கொடுத்து வீட்டை வாங்கிக்கொள்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒத்தி என்பது வாடகை இல்லை, அது அடமானம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். நம் ஊரில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. எழுதுவதோ வெறும் ஸ்டாம்பு பேப்பர்.

ஒரு பெரியவர் வந்தார். ஒத்திப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். கெடு முடிந்தது. புது ஒத்திக்காரர் வந்தால் பழையவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தார், ஆள் வரவில்லை. குடியிருந்தவரோ தன் மகன் காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். இதில் யாரை அயோக்கியன் என்பது? ஒத்திப் பணம் வருமானம் இல்லை, கடன். அதைச் செலவழிக்கும்போதே திருப்பித் தரும் வழியையும் யோசித்தாக வேண்டும்.

ஒத்திக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பத்திரம் பாங்கில் இருந்தால், கடன் கட்டாதபோது பாங்கு வீட்டை எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த உங்கள் பணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கடனை மறைத்து ஒத்தி வாங்குகிற வீட்டுக்காரர் மோசடி வழக்கையும் சந்திக்க நேரலாம்.

"தெரிஞ்ச பையன்தானே, எழுத்தெல்லாம் எதுக்கு? சங்கடப்படுவான்ல" என்கிறீர்கள். தெரிந்தவர் என்பதால்தான் எழுத வேண்டும். முகம் பார்த்துப் பேசியது மூன்று வருஷத்தில் இருவருக்கும் இரண்டு விதமாக ஞாபகம் இருக்கும். தாள் ஒரே மாதிரிதான் சொல்லும். எழுதிக் கேட்கிற வீட்டுக்காரரைச் சந்தேகக்காரர் என்று தம்பிமார்களும் நினைக்க வேண்டாம். அந்தக் கையெழுத்து உங்கள் அட்வான்ஸுக்கும் காவல்.

முன்வரிசையில் உள்ளவர்கள் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து, குடியிருப்பவரோடு போட்ட தாள் இருக்கிறதா, பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த மாதமே அவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். என்னைப் போன்ற வக்கீல்களுக்குக் கேஸ் குறையும். பரவாயில்லை, அடுத்த சந்திப்பில் நீங்கள் நிம்மதியாக வந்து உட்கார்ந்தால் போதும்.