தகுதி என்னும் ஒரு சொல்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், கழகத்தின் வரலாற்றைக் கூற என்னினும் தக்கோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆங்கிலம் கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நான், நம் பிள்ளைகள் நாள்தோறும் இடறும் சிறு கல்லொன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். ஒத்த பொருளுடையன போலத் தோன்றி, வெவ்வேறு பொருள் தரும் ஆங்கிலப் பெயரடைகளே அக்கல். அதில் இடறியவர்களுள் நானும் ஒருவன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் எளிய சான்றுகள் சில. குழந்தையைக் குறிக்கும் 'சைல்ட்' என்னும் பெயரினின்று 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' என இரு பெயரடைகள் பிறக்கின்றன. முன்னது வளர்ந்தவரிடம் காணப்படும் சிறுபிள்ளைத்தனத்தை இகழ்வது. பின்னது வளர்ந்த பின்னும் மாறாத குழந்தையுள்ளத்தைப் புகழ்வது. 'ஹிஸ்டாரிக்' என்றால் வரலாற்றுச் சிறப்பு வாய்ந்தது. 'ஹிஸ்டாரிக்கல்' என்றால் வரலாற்றைச் சார்ந்தது. 1927 ஆம் ஆண்டு மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் பொதுக்குளத்து நீரைப் பருகிய நிகழ்ச்சி 'ஹிஸ்டாரிக்'. அதனைப் பற்றிய பழைய ஆவணங்கள் 'ஹிஸ்டாரிக்கல்'. 'எகனாமிக்' பொருளாதாரத்தைச் சார்ந்தது, 'எகனாமிக்கல்' சிக்கனமானது. விண்ணப்பத்தில் தம்மை 'இண்டஸ்ட்ரியஸ்', அதாவது உழைப்பாளி, என்று எழுத வேண்டிய மாணவர் 'இண்டஸ்ட்ரியல்' என்று எழுதிவிட்டால், அவர் தொழிற்சாலைப் பொருள்களுள் ஒன்றாகிவிடுகின்றார்! இத்தகைய பிழைகளை நல்ல அகராதி ஒன்றே தீர்த்துவிடும்.

இனி, நம் வாழ்வோடு பிணைந்த சொற்களுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம்மவரை 'டிப்ரெஸ்ட் கிளாசஸ்' என்று எழுதினர். 'டிப்ரெஸ்ட்', 'சப்ரெஸ்ட்', 'ஒப்ரெஸ்ட்' ஆகிய மூன்றும் அழுத்துதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆயினும் 'டிப்ரெஸ்ட்' என்பது தாழ்ந்து கிடக்கும் நிலையைக் கூறுமேயன்றித் தாழ்த்தியவர் யாரெனக் கூறாது. பள்ளமான நிலத்திற்கும், சோர்ந்த மனத்திற்கும், மந்தமான வணிகத்திற்கும் அச்சொல் பொருந்தும். 'சப்ரெஸ்ட்' என்பது எழ முயல்வதை எழவொட்டாமல் அடக்குதலைக் குறிக்கும். 'ஒப்ரெஸ்ட்' என்னும்போதோ, ஒடுக்குகின்றவன் ஒருவன் இருக்கின்றான் என்பது சொல்லிலேயே அடங்கியுள்ளது.

1931 நவம்பரில், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் இணைந்து அளித்த கூடுதல் கோரிக்கை மனுவில், 'டிப்ரெஸ்ட் கிளாசஸ்' என்னும் பெயரையே மாற்றுமாறு வேண்டினர். அப்பெயர் நம்மவரை இழிவுபடுத்துவது, அவமதிப்பது என்பது அவர்தம் வாதம். வாக்குரிமையும் தனித்தொகுதியும் விவாதிக்கப்பட்ட அம்மன்றத்தில் ஒரு பெயரடைக்காகவும் அவர்கள் வாதாடினர். சட்டம் எழுதுவோர் நம்மை எச்சொல்லால் அழைக்கின்றனரோ, அச்சொல்லாலேயே நம்மை அளக்கவும் செய்வர் என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தனர்.

பின்னர் 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் 'ஷெட்யூல்ட்' என்னும் சொல் இடம் பெற்றது. அட்டவணையில் சேர்க்கப்பட்ட என்பதே அதன் பொருள். இது தன்மையைக் கூறும் பெயரடை அன்று. வகையைக் கூறும் பெயரடை. 'பேக்வர்ட்' என்பதன் முன் 'வெரி' என்று சேர்க்கலாம். 'ஷெட்யூல்ட்' என்பதன் முன் அவ்வாறு சேர்க்க இயலாது. அச்சொல்லில் இகழ்ச்சி இல்லை. ஆனால் இழைக்கப்பட்ட கொடுமையின் சுவடும் இல்லை.

இவ்விடத்தில் நம் தமிழ் ஆங்கிலத்தினும் கூர்மையுடையதாதலைக் காண்க. 'தாழ்ந்த' என்பது தானே தாழ்ந்ததைக் கூறும். 'தாழ்த்தப்பட்ட' என்பது பிறர் தாழ்த்தியதைக் கூறும். 'பிற்பட்ட', 'பிற்படுத்தப்பட்ட' என்பவற்றினிடையே உள்ள வேறுபாடும் அதுவே. 'பேக்வர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் இல்லை.

ஆனால், மற்றோரிடத்தில் ஆங்கிலம் பிரித்துக் காட்டுவதைத் தமிழில் நாம் ஒன்றாக்கி விடுகின்றோம். அங்கேதான் நான் இடறினேன்.

பட்டம் பெற்ற பின்னர், ஒதுக்கீட்டுப் பணியிடம் ஒன்றிற்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். சில வாரங்களில் கடிதம் வந்தது. 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்' என்னும் மூன்று சொற்களே அதன் சாரம். என் தந்தையார் எழுத்தறியாதவர். மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர். "என்னப்பா எழுதியிருக்கு?" என்று வினவினார். "எனக்குத் தகுதி இல்லையாம், அப்பா" என்றேன். அவர் வீட்டினுள் சென்று, பெட்டியிலிருந்து என் பட்டச் சான்றிதழை எடுத்து வந்து, "அப்ப இது என்ன?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அப்பணியிடம் அவ்வாண்டு எவராலும் நிரப்பப்படாமலே விடப்பட்டது எனப் பின்னர் அறிந்தேன்.

விடை கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின. என் மொழிபெயர்ப்புத் தவறானது. 'எலிஜிபிள்', 'குவாலிஃபைட்', 'சூட்டபிள்' ஆகிய மூன்றையும் நாம் தகுதி என்னும் ஒரே சொல்லால் கூறுகின்றோம். 'எலிஜிபிள்' என்பது விதியால் அமைவது. வயதும் பிறவும் பொருந்தினால் விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. 'குவாலிஃபைட்' என்பது சான்றால் அமைவது. பட்டமும் பயிற்சியும் தேர்ச்சியும் அதனுள் அடங்கும். 'சூட்டபிள்' என்பதோ தேர்ந்தெடுப்பவரின் கருத்தால் அமைவது. முன்னிரண்டையும் தாளில் காட்டலாம். மூன்றாவது எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்தில் இருப்பது. அன்று விதிப்படி நான் உரியவன், சான்றின்படி தேறியவன், அக்குழுவினரின் கருத்துக்கு மட்டுமே ஏலாதவன். அவர்தம் கருத்தை என் குறையாக மொழிபெயர்த்துத் தந்தையாரிடம் கூறியவன் நானே. அவர் மறையுமுன் அதனைத் திருத்திக் கூறும் பேறு எனக்கு வாய்க்கவில்லை.

எனவே, மாணவர்களே, 'சூட்டபிள்' என்னும் சொல் உங்கள் எதிரே வரும்போது அஞ்சித் தலைகுனியாதீர்கள். எப்பணிக்கு, எவர் கருத்தில், எந்த அளவுகோலால் என்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். அரசு அலுவலகங்களில் நீங்கள் பெற்ற மதிப்பெண்களைக் கேட்டு விண்ணப்பிக்க, 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்று வழி வகுத்துள்ளது. என் காலத்தில் அவ்வழி இல்லை.

இன்னும் ஓர் இணையைக் கூறி முடிக்கின்றேன். 'அடிக்வேட்', 'புரபோர்ஷனேட்' என்பன அவை. முன்னது போதுமான, பின்னது விகிதத்திற்கு ஏற்ற. சட்டமன்ற, மக்களவைத் தனித்தொகுதிகளைப் பற்றிக் கூறுமிடத்து அரசியலமைப்பு மக்கள்தொகை விகிதத்தைக் குறிப்பிடுகின்றது. அரசுப் பணிகளைப் பற்றிய 16(4) ஆம் பிரிவிலோ, அரசின் கருத்தில் போதிய அளவு இடம் பெறாத வகுப்பினர் என்றே கூறுகின்றது. போதிய என்பதை விகிதத்திற்கு ஏற்ற என்று பொருள் கொள்ள இயலாது என 1992 இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டலாம்; போதுமா என்பதோ கருத்தைப் பொறுத்தது. என் தந்தையார் கேட்ட வினாவின் வேறொரு வடிவத்தையே நான் இங்கும் காண்கின்றேன். இரண்டு பெயரடைகளின் வேறுபாட்டில் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருக்கின்றது.

ஆதலின் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. புதிய பெயரடை ஒன்றைக் கண்டால், அதன் பொருளை எழுதுவதோடு நில்லாது, அதனை ஒத்த சொல்லையும், இரண்டும் வேறுபடும் வாக்கியம் ஒன்றையும் அருகில் எழுதுக. அது தன்மையைக் கூறுகின்றதா, வகையைக் கூறுகின்றதா, எவரேனும் ஒருவருடைய கருத்தைக் கூறுகின்றதா என ஆராய்க. நாளொன்றுக்கு ஓர் இணை போதும். ஓராண்டில் முந்நூற்றறுபத்தைந்து இணைகள் உங்கள் கைவசமாகும்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு நாள் ஒரு கடிதம் பிரிக்கப்படும். எழுத்தறியாத தாயோ தந்தையோ அதன் பொருளைக் கேட்பர். அவர்களுக்குச் சரியான பொருளைக் கூறுங்கள். அதற்காகவே இக்கழகம் உங்களைப் படிக்க வைக்கின்றது.

வளர்க நம் கழகம்! ஓங்குக கல்வி!