உட்கதவில் நுழைந்த களவு

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



தேர்தல் என்றவுடன் நம் நினைவில் எழுவது இறுதி நாள்தான். ஆனால் மக்கள் தீர்ப்பைத் திருடுகின்றவன் அந்நாள் வரை காத்திருப்பானா? அமெரிக்க நாட்டின் தெக்சாசு மாநிலத்தில் 1948-ஆம் ஆண்டு நடந்த மேலவைத் தேர்தல் இவ்வினாவுக்கு விடை கூறும்.

அமெரிக்க மேலவைக்கு ஒவ்வொரு மாநிலமும் இருவரை அனுப்புகின்றது. 1913-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் முதற்கொண்டு மக்களே அவர்களை நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். கட்சியின் வேட்பாளர் யார் என்பதையும் மக்களே முன்னதாக ஒப்போலையிட்டு முடிவு செய்வர். அதுவே முதனிலைத் தேர்தல். அந்நாளில் தெக்சாசில் மக்களாட்சிக் கட்சி ஒன்றே ஓங்கி நின்றது. அதன் முதனிலைத் தேர்தலில் வென்றவர்க்கு நவம்பர்த் தேர்தல் வெறும் சடங்கு. வெளிக்கதவு காட்சிக்கு, உட்கதவே வாயில்.

இதனை நன்கறிந்தவர்கள் அவ்வுட்கதவைக் கறுப்பின மக்களுக்கு அடைத்தார்கள். அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தார் பங்குகொள்ளலாகாது என்று 1923-இல் மாநிலம் சட்டமே செய்தது. 1927-இல் தலைமை முறைமன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது. பின்னர், எம் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது எம் விருப்பம் என்னும் போக்கில் கட்சியே தடுத்தது. இயூசுட்டன் நகரப் பல் மருத்துவர் உலோனி சுமித்து வழக்குத் தொடுத்தார். கறுப்பினத்து வழக்கறிஞர் தர்குட்டு மார்சல் அவருக்காக வழக்குரைத்தார். முதனிலைத் தேர்தலும் தேர்தலின் ஒரு கூறே. அது கட்சியின் தனிவீடன்று என்று 1944-இல் தலைமை முறைமன்றம் தீர்ப்பளித்தது. கதவு திறந்தது.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1948 சூலையில் நடந்த முதனிலைத் தேர்தலில் முன்னாள் ஆளுநர் கோக் சுடீவன்சன் முந்தினார். இலிண்டன் சான்சன் அடுத்து வந்தார். எவரும் பாதிக்கு மேல் பெறாமையால் ஆகசுட்டு 28-இல் இருவருக்குமிடையே மறுதேர்தல் நடந்தது. ஏறத்தாழப் பத்து நூறாயிரம் ஒப்போலைகள் விழுந்தன. எண்ணிக்கை நாள்தோறும் ஏறியும் இறங்கியும் சென்றது. ஆறு நாள் கழித்துச் சிம் வெல்சு மாவட்டத்து ஆலிசு என்னும் ஊரின் பதின்மூன்றாம் பெட்டிக்குத் திருத்திய கணக்கு வந்தது. சான்சனுக்கு முன்பு 765 என்றிருந்த எண் 965 என்றாயிற்று. ஏழின் வால் வளைந்து ஒன்பதாயிற்று! முடிவில் சான்சன் வென்றது 87 ஒப்போலைகளால்.

அந்தத் தென்புலம் சியார்சு பார் என்னும் பெருநிலக்காரரின் பிடியில் இருந்தது. மெக்சிக்கக் கால்வழியினரான ஏழை உழைப்பாளரின் ஒப்போலைகள் அவர் சுட்டிய பெயருக்கே சென்றன. ஆலிசுப் பட்டியலைக் கண்ட சுடீவன்சன் சார்பினர், கடைசி இருநூறு பெயர்களும் ஒரே மையில், ஒரே கையால், அகரவரிசையில் எழுதப்பட்டிருந்தன என்றனர். பெயரின் அகரவரிசைப்படி மக்கள் வந்து நிற்கும் ஊர் உலகில் எங்கேனும் உண்டோ?

கட்சியின் மாநிலச் செயற்குழு 29-க்கு 28 என்னும் கணக்கில் சான்சன் வெற்றியை ஏற்றது. சுடீவன்சன் நடுவண் முறைமன்றத்தை நாடித் தடையாணை பெற்றார். ஆலிசில் ஆய்வும் தொடங்கியது. ஆனால் தலைமை முறைமன்ற நடுவர் இயூகோ பிளாக்கு, மாநிலத் தேர்தலில் நடுவண் முறைமன்றம் தலையிட இடமில்லை என்று கூறித் தடையை நீக்கினார். ஆய்வு பாதியில் நின்றது. 1944-இல் முதனிலைத் தேர்தலைத் திறந்துவைத்த அதே மன்றம், 1948-இல் அதன் பெட்டியைத் திறந்து பார்க்க இசையவில்லை. நவம்பரில் சான்சன் எளிதாக வென்றார்.

1977-இல், அந்தச் சாவடியின் தேர்தல் நடுவராயிருந்த உலூயிசு சலாசு, பொய் ஒப்போலைகளுக்குத் தாம் சான்றளித்ததாகச் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். அதற்குள் சான்சன், பார், சுடீவன்சன் மூவரும் மறைந்துவிட்டனர். சுடீவன்சன் சார்பினரும் தூயரல்லர் என்று எழுதிய வரலாற்றாசிரியரும் உளர். இருவரும் தவறினர் என்றால் தவறு பாதியாகிவிடுமா? இரட்டிப்பன்றோ ஆகும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சான்சன் குடியரசுத் தலைவரானபின், 1965 ஆகசுட்டு 6-இல், கறுப்பின மக்களின் ஒப்போலை உரிமையைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அஃது அரிய செயல், மறுப்பாரில்லை. அதனால் பழைய கறை கழுவப்பட்டது என்பார்க்கு என் விடை இதுதான்: நன்மை வேறு, நுழைந்த வழி வேறு. அந்த இருநூறு பெயர்க்குரியோரை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நாவைப் பிறர் எடுத்துப் பேசினர். இழந்தவர் சுடீவன்சன் மட்டுமல்லர், அவர்களுமே.

யான் பள்ளியாசிரியன். ஊராட்சித் தேர்தல்களில் சாவடிப் பணி ஆற்றியவன். வந்த தாள் எத்தனை, கொடுத்தது எத்தனை, எஞ்சியது எத்தனை என்று நள்ளிரவு வரை எழுதிக் கையெழுத்திடும்போது, இத்தனை கட்டங்கள் எதற்கு என்று சலித்ததுண்டு. ஆலிசுச் செய்தியைப் படித்தபின் சலிப்பு நீங்கிற்று. ஒவ்வொரு கட்டமும் எங்கோ ஒரு களவு நுழைந்த வழியை அடைத்து நிற்கும் கல்.

பட்டியலை எழுதுவோன் யார்? பெட்டியைக் காப்போன் யார்? எண்ணுவோனைக் கண்காணிப்போன் யார்? இம்மூன்றையும் கட்சிக்குள் நடக்கும் தேர்தலிலும் கேட்கும் மக்களே மக்களாட்சிக்கு உரியவர். உட்கதவில் உறங்கிவிட்டு வெளிக்கதவில் விழித்திருந்து பயனில்லை.