ஓர் ஆண்டின் கதை: கி. பி. 1054
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சரித்திரம் பற்றி ஏதேனும் பேசுங்கள் என்று என்னைப் பணித்த செயலாளர், ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் மெல்லச் சொல்லி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளை ஒரு மணி நேரத்துள் அடக்க என்னால் ஆகாது. ஆகவே ஓர் ஆண்டை மட்டும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். அது கி. பி. 1054. சக ஆண்டு 976. நம் பஞ்சாங்கக் கணக்கில் அவ்வாண்டுச் சித்திரையில் பிறந்தது சய வருடம். அறுபது ஆண்டுச் சக்கரம் பதினாறு முறை சுழன்று 2014இல் நாம் கண்ட சய வருடத்திற்கு வந்து சேர்ந்தது. சயம் என்றால் வெற்றி. யாருக்கு வெற்றி என்பதைப் பிறகு பார்ப்போம்.

நாம் சரித்திரத்தைக் கிணறு வெட்டுவது போலப் படிக்கிறோம். சோழர் என்றால் சோழர் வரிசை, இலங்கை என்றால் இலங்கை அரசர் வரிசை. ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகிறோம். பக்கத்துக் காணியில் அதே நாளில் என்ன நடந்தது என்பது கண்ணில் படுவதில்லை. இன்று கிணற்றை விட்டு வரப்பின்மேல் ஏறி நின்று வயல் முழுவதையும் ஒருமுறை பார்ப்போம்.

முதலில் வானத்தைப் பாருங்கள். 1054 யூலை 4ஆந் திகதி விடியற்காலை, சீன நாட்டிலே சோங் வமிசத்தாரின் தலைநகராகிய கைஃபெங்கில், கிழக்கு வானில் அதுவரை இல்லாத ஒரு விண்மீன் தோன்றியது. இடபத்தின் கொம்பு நுனிக்கு அருகே அது நின்றது. பட்டப்பகலிலும் வெள்ளிக்கோளைப் போலத் தெரிந்தது. இருபத்து மூன்று நாட்கள் பகலிலேயே தெரிந்தது. இரவு வானிலோ ஏறக்குறைய இரண்டாண்டு காலம் நின்று, 1056 ஏப்பிரலில் மறைந்தது. சீனர் அதனை விருந்தாளி விண்மீன் என்றார்கள். எவ்வளவு அழகான பெயர்! வந்தது, தங்கியது, போய்விட்டது.

அரண்மனை வானியலறிஞர் யாங் வெய்தே என்பவர் அரசனை வணங்கி இதனை அறிவித்தார். மீனின் நிறத்தையும் இடத்தையும் சொல்லி, நாட்டில் மேன்மக்கள் உளர் என்பதற்கு இது நற்குறி என்றும் பலன் கூறினார். அவர் கூறிய பலனை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நாளும் இடமும் பிசகாமல் சீனர் குறித்து வைத்தார்களே, அந்தக் குறிப்புகளை உலகத்து வானியலறிஞர் அனைவரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஏனெனில், அதே இடத்தில் தொலைநோக்கியால் பார்த்தால் இன்று புகைப்படலம் போன்ற ஒன்று தெரிகிறது. நண்டு வடிவம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகிறது. விரியும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்திருக்க வேண்டும் என்று 1928இல் ஹபிள் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். கணக்கும் சீனர் குறிப்பும் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டன. 1968இல் அதன் நடுவே விநாடிக்கு முப்பது முறை சுழலும் ஒரு சிறு விண்மீனையும் கண்டார்கள். வெடித்துச் சிதறிய பெருமீனின் எஞ்சிய கரு அது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அப்படலம் நம்மிலிருந்து ஏறக்குறைய 6,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அப்படியானால் அந்த மீன் வெடித்தது 1054இல் அன்று. அதற்கும் ஆறாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர். 1054ஆம் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சி 1054இல் நடக்கவேயில்லை. செய்திதான் அன்று வந்து சேர்ந்தது.

செய்தி தாமதித்து வந்த கதை இன்னொன்றும் அதே மாதத்தில் நடந்தது. கிறித்தவ உலகம் அக்காலத்தில் உரோமாபுரிப் பாப்பரசரையும் கொன்ஸ்தாந்திநோப்பிள் பெருந்தந்தையையும் இரு தலைகளாகக் கொண்டிருந்தது. திருப்பலி அப்பம் புளித்த மாவால் ஆனதா, புளிக்காத மாவால் ஆனதா என்பது முதலாகப் பல பிணக்குகள். சிரிக்க வேண்டாம், சகோதரர்களே. திருநாமத்தின் வடிவம் வடகலையா தென்கலையா என்று நீதிமன்றம் வரை போனவர்கள் நம்மவர்கள். பாப்பரசர் ஒன்பதாம் லியோ தூதர்களை அனுப்பினார். அவர்களுக்குத் தலைவர் ஹம்பேர்ட் என்னும் கருதினால். யூலை 16ஆந் திகதி, வழிபாடு தொடங்கும் வேளையில், அவர் புனித சோஃபியா ஆலயத்துள் நுழைந்து, பெருந்தந்தை மிக்கேல் செருலாரியசைச் சபையினின்றும் விலக்கும் கட்டளையைப் பலிபீடத்தின்மேல் வைத்து விட்டு வெளியேறினார். சில நாட்களில் பெருந்தந்தையும் அத்தூதர்களை விலக்கினார். ஆனால் யார் பெயரால் ஹம்பேர்ட் பேசினாரோ, அந்த லியோ ஏப்பிரல் 19ஆந் திகதியே இறந்து போயிருந்தார்! இறந்தவர் தந்த அதிகாரம் இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. அப்படி வைத்த கடதாசி மேலைச்சபை, கீழைச்சபை என்ற பிரிவுக்கு அடையாளமாகி விட்டது. அவ்விரு விலக்குகளையும் இரு சபைத் தலைவர்களும் நீக்கியது 1965 டிசம்பர் 7ஆந் திகதி. இடையில் தொள்ளாயிரத்துப் பதினொரு ஆண்டுகள்.

ஹம்பேர்ட் படியிறங்கிய அந்நாளில் விருந்தாளி விண்மீன் பகலிலே காயும் நாள் இன்னும் முடியவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தாரா என்று ஒரு சொல்லும் இல்லை. மேலைநாட்டு ஏடுகளில் ஐயத்துக்கு இடமின்றி அம்மீனைக் குறிப்பது என்று சொல்லத்தக்க வரி கிடைப்பது அரிது. அந்த வட்டாரத்தில் தெளிவாக எழுதியவர் ஒருவரே. பக்தாதைச் சேர்ந்த வைத்தியர் இபுனு புத்லான். அவர் அக்காலத்தில் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு வந்திருந்தார்; அப்பப் பிணக்கிலும் ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். ஆனால் வைத்தியரல்லவா? அவர் மனத்தில் நின்றது கொள்ளைநோய். அந்த விண்மீன் தோன்றிய ஆண்டில் அந்நகரில் பதினாலாயிரம் பேரைப் புதைத்தார்கள் என்று எழுதி வைத்தார். அறிஞர் இருவர் மாவைப் பற்றிச் சண்டையிட்ட ஊரில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த ஆண்டில் மிகவும் வேண்டியவர் இந்த வைத்தியர்தான்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். ஸ்கொத்லாந்தில் யூலை 27ஆந் திகதி மக்பெத் அரசன் சிவார்டு பிரபுவிடம் தோற்றான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அவன் அன்றே மாண்டுவிடுவான், உண்மையில் 1057 வரை உயிரோடிருந்தான். ஸ்பானியாவில் செப்தெம்பரில் அண்ணன் தம்பியர் போரிட, நவார் அரசன் கார்சியா மடிந்தான். உருசிய நாட்டுப் பேரறிவாளன் யரோஸ்லாவ் பெப்ரவரியில் இறந்தான். மைந்தர் நாட்டைப் பங்கிட்டனர். வியட்நாமில் புதிய அரசன் நாட்டுக்குத் தாய் வியட் என்று பெயரிட்டான். பஸ்ராவில் அரபுமொழியின் பெருங்கதைஞர் அல் ஹரீரி பிறந்தார். பிறப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் தொட்டிலில் கிடப்பவனை எந்தச் சரித்திரக்காரனும் எட்டிப் பார்ப்பதில்லை.

இனி நமக்கு அண்மையில் வருவோம். அவ்வாண்டில் திபேத்து நாட்டிலே, லாசாவுக்கு அருகில் நியேதாங் என்னும் இடத்தில் அதீசர் காலமானார். வங்காளத்தில் பிறந்த பௌத்த ஞானி. இளமையில் கடல் கடந்து, சுவர்ணத்தீவு எனப்பட்ட சுமாத்திராவுக்குச் சென்று, தருமகீர்த்தி என்னும் ஆசானிடம் பன்னிரண்டு ஆண்டு பயின்றவர். பின் 1042இல் பனிமலை ஏறித் திபேத்து புகுந்தார். அவர் பயின்ற அத்தீவை ஆண்ட ஸ்ரீவிஜயத்தின் மீதுதான் 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை பாய்ந்தது. கடாரம் வென்றதைப் பெருமையோடு பேசும் நாம், அதே காலத்தில் அதே கடல்வழியே ஏடு சுமந்து போனவனையும் கூட நினைப்பது நல்லது.

அந்த இராசேந்திரனின் மகன் இராசாதிராசன் மாண்டதும் 1054ஐ ஒட்டித்தான். ஆய்வாளர் சிலர் 1052 என்பர்; பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1053 - 54 என்கிறார். கொப்பம் என்னும் களம். கலியாணத்துச் சாளுக்கியன் ஆகவமல்லன் எதிரி. களம் இன்ன ஊர் என்பதிலும் ஒருமனப்பாடில்லை. அரசன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அதனால் யானைமேல் துஞ்சிய தேவன் என்று பெயர் பெற்றான். தலைவன் வீழவே படை சிதறத் தொடங்கியது. அப்போது தம்பி இரண்டாம் இராசேந்திரன், தன் யானையும் தானும் அம்பு தைத்த நிலையில் முன்வந்து போரைத் திருப்பி, களத்திலேயே முடி சூடினான் என்கின்றன சோழர் சாசனங்கள். கோலாப்பூரில் வெற்றித்தூண் நாட்டினான் என்றும் சொல்கின்றன.

எதிரி வீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்? 1071ஐச் சேர்ந்த அண்ணிகேரிக் கல்வெட்டு, சமணக் கோயில்களை எரித்த சோழன் ஆகவமல்லனிடம் தலையை இழந்தான் என்கிறது. ஒரே போர், இரு சாராருக்கும் சயம்! ஒருவர் கல்லை மட்டும் படித்தவன் பாதிப் போரைத்தான் படித்தவன்.

இப்போது நம் தீவுக்கு வருகிறேன். இங்கே சிலருக்கு நான் சொல்வது கசக்கலாம். 1054இல் பொலன்னறுவைக்குப் பெயர் சனநாதமங்கலம். வட இலங்கை சோழமண்டலத்தின் பகுதி. பிடிபட்டுப் போன ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டிலேயே 1029இல் இறந்துவிட்டான். உரோகணத்திலிருந்து எதிர்த்தவர்களை இராசாதிராசன் 1040களில் அடக்கிய செய்தியை அவன் மெய்க்கீர்த்தியே விரித்துரைக்கிறது. வீரசலாமேகன் என்னும் அரசன் ஓடியபோது, அவன் குடும்பப் பெண்களைச் சிறை பிடித்ததையும் அவனது தாயின் மூக்கை அரிந்ததையும் வெற்றியென்றே எழுதியிருக்கிறது. பகைவர் கட்டிய பழியன்று. நம்மவர் கல்லில் நம் தமிழிலேயே பொறித்தது. அத்தாய்க்குப் பெயர்கூட எழுதவில்லை. பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் போதெல்லாம் எனக்கு உள்ளம் நிமிர்கிறது; அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வரியைப் படித்த நாள் முதல் மெய்க்கீர்த்திகளை நான் உரத்துப் படிப்பதில்லை.

அந்த 1054இல் உரோகணக் காட்டுப்புறத்தில் கீர்த்தி என்னும் பதின்ம வயது இளைஞன் ஒருவன் இருந்தான். எந்தச் சாசனமும் அப்போது அவனைக் கவனிக்கவில்லை. அடுத்த ஆண்டளவில் விசயபாகு என்ற பெயருடன் உரோகணத்துக்குத் தலைவனானான். 1070இல் பொலன்னறுவையை மீட்டான். கொப்பத்து வெற்றித்தூணைப் பார்த்துப் பூரித்தவர்களுக்கு, தங்கள் இலங்கை ஆட்சிக்கு இன்னும் பதினாறு ஆண்டுகளே எஞ்சியுள்ளன என்று யார் சொல்லியிருப்பார்கள்?

பொலன்னறுவைக்கு நம் சங்கத்தார் போகும்போது இரண்டைப் பார்த்து வாருங்கள். ஒன்று, சோழர் காலத்துக் கற்றளி, வானவன்மாதேவி ஈச்சரம். வந்தவர்களை வென்றவன் அதை இடிக்கவில்லை, இன்றும் நிற்கிறது. மற்றது, விசயபாகுவின் மறைவுக்குப் பின் பொறித்த வேளைக்காரர் கல்வெட்டு. தமிழ்க் கல்வெட்டு. புத்தரின் தந்ததாது இருந்த மாளிகையைத் தங்கள் காவலில் ஏற்றுக்கொண்டதாக வேளைக்காரப் படையினர் அதில் உறுதி கூறியிருக்கிறார்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். மார்கழி இரவில் இடபத்தின் கொம்பை யாரும் எளிதில் கண்டுகொள்ளலாம். விருந்தாளி இருந்த இடம் வெறும் கண்ணுக்கு இப்போது இருட்டுத்தான். சிறு தொலைநோக்கி ஒன்று இருந்தால் போதும், மங்கலாய் ஒரு புகைத்துளி தெரியும். சங்கத்துக்கு அப்படி ஒன்று வாங்குவதற்கு முதல் நன்கொடையை இந்த மேடையிலேயே தருகிறேன். பொருளாளர் பற்றுச்சீட்டு எழுதட்டும்.